ஒன்பதாம் நம்பர் மேஜை

786

ஓசூர்
5.1.86, ஞாயிறு

ஜெயமணி அக்காவுக்கு சுக்ரா எழுதுவது.

நான் எழுதுவேன் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். கம்பெனியில் உங்கள் பக்கத்து மேஜையில் ஒன்றரை வருடம் உட்கார்ந்து நான் உங்களிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு கார்டுகூட நிரம்பாது. உங்கள் ஊர் விலாசத்தை முனிலட்சுமியிடம் கேட்டு வாங்கவே எனக்கு நாலு நாள் ஆனது.

அங்கே எல்லோரும் நலமா? உங்கள் முதுகு எப்படி இருக்கிறது?

நீங்கள் போன பிறகு, அக்டோபர் கடைசியிலிருந்து, உங்கள் இடத்தில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். தூணை ஒட்டின ஒன்பதாம் நம்பர் மேஜை. அதே ஹாரன் காயில் சுற்றுகிற வேலை, கம்பியைப் பெரிதாக்கிக் காட்டுகிற அதே லென்ஸ்.

அக்கா, எனக்கும் முதுகு வளைகிறது.

போன மாதம்தான் தெரிந்தது. காலையில் கம்பெனி வேனுக்கு நடந்துகொண்டிருந்தேன். வெயில் பக்கவாட்டில் அடித்தது. ரேஷன் கடைச் சுவரில் ஒரு கிழவியின் நிழல் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு என்னோடு வந்தது. யார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. நான் நின்றேன், அதுவும் நின்றது. அன்றைக்கு வேனில் ஏறினதும் இறங்கினதும் எனக்கு நினைவில்லை. அதிலிருந்து அந்தச் சுவர் வந்தால் நான் எதிர்ப்பக்கமாகப் போய்விடுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இடது முழங்காலுக்கு மேலே தொடையில் தினம் நீலமாகக் கன்றிப் போகிறது. நான் எங்கும் விழவில்லை. மேஜைக்கு அடியில் இருப்பது கிள்ளுகிறது என்று பெண்கள் சொல்கிறார்கள். உங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவளும் முதுகு வளைந்துதான் வேலையை விட்டு நின்றுவிட்டாளாமே? முனிலட்சுமி லென்ஸ் கம்பியில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டிவிட்டிருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்கிறேன்.

பிப்ரவரி இருபதாம் தேதி கம்பெனி டாக்டர் வருகிறார். அதில் தேறினவர்களுக்குத்தான் பெர்மனென்ட் என்று சூப்பர்வைசர் மூர்த்தி சொல்லிவிட்டார். முதுகைப் பார்த்தால் உங்களை அனுப்பினது போல என்னையும் அனுப்பிவிடுவார்கள். எட்டாவதோடு என்னை நிறுத்திக் கெலமங்கலத்தில் இரண்டு வருடம் வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். ஓசூரில் சின்னம்மா வீடு இருக்கிறதே என்றுதான் அத்தா வெளியே விட்டார். வளைந்த முதுகோடு திரும்பிப் போனால் மறுபடியும் கதவைச் சாத்திவிடுவார்கள். இந்தத் தடவை திறக்க மாட்டார்கள்.

உங்களுக்கு எப்படி ஆரம்பித்தது? வலி முதலில் வந்ததா, வளைவு முதலில் வந்ததா? எனக்கு இதை மட்டும் எழுதுங்கள்.

சுக்ரா

உ

சாமல்பட்டி
12.1.86

சுக்ரா,

நலமா என்று கேட்டிருக்கிறாய். நலமில்லை.

"உடம்புக்கு முடியாதவள்" என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். எனக்கு முன்னாலேயே அந்தப் பேச்சு ரயிலேறி இங்கே வந்துவிட்டது. ஊத்தங்கரையிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. நான் தண்ணீருக்குப் போனால் "கம்பெனிக்காரி எங்கடி, கூனி வர்றா" என்கிறார்கள். இப்போது கடலைக் காட்டில் களை எடுக்கிறேன். அங்கே குனிந்ததற்கு வேலை போனது, இங்கே குனிவதே வேலை.

நான் வலி என்று மூர்த்தியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. டிபன் நேரத்தில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் படுத்துக்கொள்வேன், அவ்வளவுதான். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அது யார் என்று தெரியாமல் அந்தக் கம்பெனி ஆட்கள் யாருக்கும் எழுதுவதில்லை என்று இருந்தேன். உனக்கும் இனிமேல் எழுதப் போவதில்லை.

சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா? உடம்பு இளைக்கிறதா? வளைவு மொத்த முதுகும் உருண்டையாக இருக்கிறதா, இல்லை ஒரே இடத்தில் முள் துருத்தின மாதிரி இருக்கிறதா? அதை மட்டும் பார்த்துக்கொள்.

ஜெயமணி

786

கெலமங்கலம்
16.1.86

அக்காவுக்கு,

எழுத மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் கடைசியில் நாலு கேள்வி கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொங்கல் லீவில் வீட்டுக்கு வந்தவள் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

காய்ச்சல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டதிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து தடவை நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். தொடத் தொடச் சுடுகிறது. இளைத்திருக்கிறேனா என்று யாரைக் கேட்பது? முதுகை எப்படி நானே பார்ப்பது? கையைப் பின்னால் விட்டால் உருண்டையாகத்தான் தெரிகிறது. முள் மாதிரி ஒன்றும் தட்டுப்படவில்லை. எட்டாத இடத்தில் இருந்தால்?

நான் லீவுக்குக் கிளம்புவதற்கு முன்பே ஓசூரில் சின்னம்மா கண்டுபிடித்துவிட்டார்கள். வாசலில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். "என்னாடி இது, கொக்கு மாதிரி வளைஞ்சு நிக்கற?" என்று கேட்டு முதுகில் கையை வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் கையை எடுத்துவிட்டார்கள்.  சின்னம்மா தெருவில் நாகம்மாள் என்று ஒரு அம்மா எலும்புருக்கி வந்து படுத்திருக்கிறார். அவருக்கும் முதுகில்தான் ஆரம்பித்ததாம். சாயங்காலம் சின்னம்மா என் தட்டைத் தனியாகக் கழுவி வைத்ததைப் பார்த்தேன். 

வளைவு புதிதா என்றும் எனக்குத் தெரியவில்லை. நான் ஏழாவது படிக்கும்போதே டீச்சரைவிட உயரம். "பனமரம், பனமரம், நொங்கு போடு" என்று பையன்கள் கத்துவார்கள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தோளை உள்ளே சுருக்கி, இரண்டு விரல் உயரமாவது குறைத்துக்கொண்டுதான் நடப்பேன். "நெஞ்சைத் தூக்கிட்டு நடக்காத, பொண்ணா லட்சணமா போ" என்று அம்மாவும் சொல்வார்கள். அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டதா?

சின்னம்மா 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு வைத்தியரிடம் கூட்டிப் போகிறார்கள். எலும்பு பிசகினால் சரி பண்ணுகிறவராம். கவிழ்ந்து படுக்கச் சொல்லி முதுகின் மேல் ஏறி நின்று மிதிப்பாராம். சத்தம் கேட்குமாம். கேட்டால் நேராகிவிட்டது என்று அர்த்தமாம்.

அதற்குள் ஒரு வரி எழுதுங்கள் அக்கா. உங்களிடம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. இப்போது எழுத வரவில்லை.

சுக்ரா

உ

சாமல்பட்டி
21.1.86

சுக்ரா,

யாரையும் உன் முதுகில் ஏற விடாதே. இந்தக் கடிதத்தை உன் சின்னம்மாவிடம் கொடு. அவர்களுக்குப் படிக்க வராது என்றால் நீயே சத்தமாகப் படி. உனக்குச் சத்தம் வராதுதான். இருந்தாலும் படி.

நான் டிசம்பரில் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். படம் எடுத்தார்கள். அங்கே உடற்பயிற்சி சொல்லித் தருகிற அம்மா ஒருவர் இருக்கிறார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "உனக்கு எலும்பு வளையல, நீதான் வளைஞ்சிருக்க" என்றார். எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் அவர் செய்து காட்டினார்.

நீயும் செய். தரையில் பாயைப் போட்டுக் குப்புறப் படு. யாரையாவது கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒற்றை விரலால் கோடு இழுத்த மாதிரி தடவச் சொல். படுத்ததும் வளைவு போய்விட்டால் எலும்பு நன்றாக இருக்கிறது, குனிந்து குனிந்து தசைதான் அப்படிப் பழகிவிட்டது. படுத்தும் போகாமல் மேடாகவே நின்றாலோ, ஒரே இடத்தில் முள்ளாகத் துருத்தி அழுத்தினால் வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கால் மரத்துப் போனாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த அம்மா இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

அடுத்தது சுவர். குதிகால், பிட்டம், தோள், பின்னந்தலை நாலும் சுவரைத் தொட வேண்டும். எனக்குத் தலை தொடவில்லை. தொடுகிறதா இல்லையா என்று தனக்கே தெரியாது. அதனால் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நில். சுவரில் கறை பட்டால் தொட்டது. மோவாயைத் தூக்கி ஏமாற்றாதே, உள்ளே இழு.

காலையும் சாயங்காலமும் அப்படி நிற்கிறேன். பிறகு ஒரு துண்டைச் சுருட்டி தோள்பட்டைகளுக்கு நடுவே வைத்து மல்லாந்து படுத்துப் பத்து தடவை மெதுவாக மூச்சு விடுகிறேன். அப்புறம் குப்புறப் படுத்து, கையைப் பின்னால் கட்டி, நெஞ்சை மட்டும் தூக்கி இறக்குவேன். ஒன்றரை மாதமாகிறது. எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது லேசாக ஒரு கறை இருக்கிறது.

இதெல்லாம் உன்மேல் ஆசையில் எழுதவில்லை. மிதித்து யாருக்காவது கால் விளங்காமல் போனால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

சொல்ல வேண்டியது என்று எதையோ விட்டிருக்கிறாய். என்னைப் பற்றி மூர்த்தியிடம் சொன்னவள் யார் என்று உனக்குத் தெரியும்போல. தெரிந்தால் எழுது.

ஜெயமணி

786

ஓசூர்
2.2.86, ஞாயிறு

அக்காவுக்கு,

படித்தேன். சத்தமாகத்தான் படித்தேன். சின்னம்மா மாவு பிசைந்த கையோடு நின்று கேட்டார்கள். "காலு விளங்காம போவுமா?" என்று மட்டும் கேட்டார்கள். வைத்தியரிடம் போகவில்லை.

சின்னம்மா மகள் தில்ஷாத்தை விரலால் தடவச் சொன்னேன். அவளுக்கு ஒன்பது வயது. படுத்திருந்தபோது என் நெஞ்சு பாயில் இடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. அவள் தடவிவிட்டு விரலை எடுத்துவிட்டாள். "என்னாடி, சொல்லேன்" என்றேன். "இரு அக்கா, இன்னொரு தடவ போய்ட்டு வர்றேன்" என்று மறுபடி மேலிருந்து இழுத்தாள். "பெங்களூர் ரோடு மாதிரி நேரா இருக்கு. மேடே இல்ல. குதிரை ஏறட்டுமா?" என்றாள். நான் பாயில் முகத்தைப் புதைத்து அழுதேன். குதிரை ஏறட்டுமா என்றதற்கு இவ்வளவு அழுகையா என்று அவள் பயந்துபோய் ஏறாமலே ஓடிவிட்டாள். அன்று ராத்திரிச் சோற்றுக்குச் சின்னம்மா என் தட்டை மற்ற தட்டுகளோடு போட்டார்கள்.

ஆனால் சுவரில் நின்றால் தலை தொடவில்லை. மூன்று விரல் இடைவெளி என்கிறாள் தில்ஷாத். தினமும் எண்ணெய் வைத்து நிற்கிறேன், கறை இல்லை. தொழுகையில் ருகூவுக்குக் குனிந்து எழும்போது முழுசாக நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று மதரஸாவில் சொல்லித் தந்தார்கள். நான் பாதி எழுந்து அப்படியே தரையில் நெற்றி வைக்கிற சஜ்தாவுக்குப் போய்விடுகிறேன் என்று இப்போதுதான் கவனித்தேன். எத்தனை வருடமாகவோ.

வீட்டில் நிமிர்ந்தாலும் ஒன்பதாம் நம்பரில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் மூக்கு லென்ஸில் இடிக்கிறது. யாரோ பிடரியில் கைவைத்து அழுத்துவது போல. இருபதாம் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான். அதனால் ஒரு வழி யோசித்திருக்கிறேன். காயிலுக்குச் சுற்றுகிற காட்டன் டேப்பால், கம்பெனி ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை ரவிக்கைக்குள் முதுகில் வைத்துக் கட்டிக்கொள்ளப் போகிறேன். குனிந்தால் குத்தும். வேலை முடிந்ததும் அவிழ்த்து மேஜையில் வைத்துவிடுவேன். நாளையிலிருந்து.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அடுத்த கடிதத்தில் கண்டிப்பாக எழுதுகிறேன்.

சுக்ரா

உ

சாமல்பட்டி
6.2.86

சுக்ரா,

கட்டாதே. உடனே அவிழ். நானும் அந்த அம்மாவிடம் பெல்ட் கேட்டேன். "ஊன்றுகோல் கொடுத்தா முதுகு தூங்கிடும், தானா நிக்கற பலம் இருக்கிறதும் போயிடும்" என்றார். கட்டினது இருக்கிறவரைதான் நேர். அவிழ்த்தால் முன்னைவிடத் தொங்கும்.

வேலையை நோக்கிக் குனியாதே, வேலையை உன் கண்ணுக்குத் தூக்கி வை. அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் குடிக்கிற சாக்கிலாவது எழுந்து நின்று கையைப் பின்னால் கோத்து இழு.

அதைவிட, ஸ்கேல் கம்பெனிப் பொருள். கேட்டில் வெங்கடம்மாள் தடவிப் பார்ப்பது உனக்கு நினைவில்லையா? மூளையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாயா?

ஜெயமணி

786

ஓசூர்
7.2.86, வெள்ளி

அக்காவுக்கு,

உங்களிடமிருந்து இன்னும் கடிதம் வரவில்லை. அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மணி அடித்ததும் பாத்ரூமில் போய் அவிழ்த்துவிட்டேன். புதன்கிழமை அங்கே வரிசை நின்றது. வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. "சுக்ரா, வண்டி போவுது, வாடி" என்று முனிலட்சுமி கையைப் பிடித்து இழுத்தாள். நான் ஓடினேன். ஸ்கேல் முதுகில் இருப்பதே கேட்டுக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர். பின்னால் இருபது பேர். திரும்ப முடியவில்லை.

கேட்டில் இருக்கிற வெங்கடம்மாள் தோளிலிருந்து கையை இறக்கினார். நின்றுவிட்டார். "ஏமே, இதேமி?" என்று தெலுங்கில் கேட்டார்.  தாவணியை விலக்கி, ரவிக்கைக்கு மேலே துருத்தின நுனியைப் பிடித்து உருவினார். டேப் அறுந்து ஸ்கேல் சிமெண்ட் தரையில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வரிசை முழுக்கப் பார்த்தது.

மூர்த்தி வந்தார். "ஊமை மாதிரி இருந்துகிட்டு பண்ற வேலையப் பாரு. இன்னும் என்னென்ன போச்சோ" என்றார். முதுகுக்காக என்று சொன்னால் முதுகு தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் திருடி. இரண்டில் எது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவர்களே திருடி என்று எழுதிக்கொண்டார்கள். வேலைக்கு வரக் கூடாது, 17ஆம் தேதி திங்கட்கிழமை மேனேஜர் விசாரிப்பார் என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தாவுக்கு இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சந்தை முடித்து வருவார். ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் எழுந்து கதவிடுக்கில் பார்க்கிறேன்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்களைப் பற்றி மூர்த்தியிடம் சொன்னது நான்தான்.

அன்றைக்கு நீங்கள் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் சுருண்டு படுத்திருந்தீர்கள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் தாங்கவில்லை. மூர்த்தியிடம் போய், "ஜெயமணி அக்காவுக்கு முதுகு ரொம்ப வலிக்குது, வேற மேஜை குடுங்க சார்" என்றேன். அவரிடம் நானாகப் போய்ப் பேசினது அது ஒரு தடவைதான். அவர் சரி என்று தலையாட்டினார். நான் நல்லது செய்துவிட்டேன் என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். மறு வாரம் நீங்கள் இல்லை. உங்கள் மேஜையை எனக்குக் கொடுத்தார்கள்.

மேஜைக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்று எல்லோரும் சொன்னபோது நான் நம்பியது அதனால்தான். எனக்கு இது வர வேண்டியதுதான் என்று தோன்றியது.

நீங்கள் பதில் எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

சுக்ரா

உ

சாமல்பட்டி
12.2.86

சுக்ரா,

நீதான் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் வாய் திறக்காதவள் எனக்கு இரண்டு பக்கம் எழுதினாய். மனசில் ஒன்றும் இல்லாதவள் அப்படி எழுத மாட்டாள். நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்தேன். ஐந்து வாரம் ஆனது உனக்கு.

மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. உன் கடிதத்தை அடுப்பில் போடத்தான் கொண்டு போனேன். "வேற மேஜை குடுங்க" என்று கேட்டாய் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் நின்றுவிட்டேன். எனக்காக நான்கூட அதைக் கேட்கவில்லை.

அப்புறம் உன் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். இடது தொடையில் நீலம் என்று எழுதியிருந்தாய். எனக்கும் அதே இடத்தில்தான். எட்டு மாதம் இருந்தது. இங்கே வந்த மறு வாரம் போய்விட்டது. நானும் கிள்ளுகிறது என்றுதான் நம்பினேன், ஒரு தாயத்துகூடக் கட்டினேன். ஆஸ்பத்திரி அம்மா என்னிடம் "உன் மேஜை எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மேஜை உயரத்தை யார் பார்க்கிறார்கள்?

இப்போது யோசி. மற்ற மேஜைகளில் நாம் உட்கார்ந்திருக்கிறோமே, அங்கே தொடை இடித்ததா? ஒன்பதாம் நம்பர் பழைய பேக்கிங் மேஜை. தூணிலிருந்து வருகிற குழாய்க்கு அடியில் நுழைக்க வேண்டும் என்று மேஜைக் கால்களை அறுத்துப் போட்டார்கள் என்று எனக்கு முன்னால் இருந்தவள் சொன்னாள். அவளும் நெட்டை. நானும் நெட்டை. நீயும் நெட்டை. நம்மைப் பிடித்தது பேய் இல்லையடி.

திங்கட்கிழமை மேஜையை அளக்கச் சொல். நான் வர மாட்டேன், அந்த கேட்டுக்குள் என்னால் கால் வைக்க முடியாது. ஆஸ்பத்திரிச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். எலும்பு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. அதைக் காட்டு.

வாயைத் திறந்து சொல். எனக்காக ஒரு தடவை திறந்த வாய்தானே.

ஜெயமணி

786

ஓசூர்
23.2.86, ஞாயிறு

ஜெயமணி அக்காவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. இரண்டு நாளும் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை அத்தா கூட வந்தார். அதற்கு முந்தின வாரம் அவரிடம் சொன்னபோது அவர் என்னை அடிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. கேட்டுக்கு வெளியே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே விடவில்லை.

மேனேஜர் அறையில் ஸ்கேல் மேஜை மேல் கிடந்தது. மூர்த்தி எழுதினதை வாசித்தார். மேனேஜர், "ஏம்மா, எதுக்கு எடுத்தே?" என்றார். நான் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினேன்.  "இது யாருது?" என்றார். "ஜெயமணி அக்காது" என்றேன். "அவங்களுக்கு எலும்பு நல்லா இருக்கு. எனக்கும் நல்லாத்தான் இருக்கு. மேஜைதான் சார் குட்டை."

மூர்த்தி சிரித்தார். "மேஜை குட்டையாம் சார். எலுமிச்சம்பழம் கட்டிப் பேய் ஓட்டறவளுங்க பேசறத கேளுங்க."

"அளந்து பாருங்க சார்" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

"எதால அளக்கறது?" என்று மேனேஜர் கேட்டார். கேட்டுவிட்டு அவரே அந்த ஸ்கேலைப் பார்த்தார்.

அதையே எடுத்துக்கொண்டு ஷாப்புக்குள் போனோம். எட்டாம் நம்பர் முப்பது அங்குலம். ஒன்பதாம் நம்பர் இருபத்தைந்தரை. மூர்த்தி மறுபடி அளந்தார். இருபத்தைந்தரைதான். மேனேஜரும் உயரமான ஆள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தொடை இடித்தது. லென்ஸில் கண்ணை வைத்துக் காயிலைப் பிடித்தார். எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் கை தானாகப் பிடரிக்குப் போனது. அவருக்கு நேராக எலுமிச்சம்பழம் ஆடிக்கொண்டிருந்தது. முனிலட்சுமி வாயில் தாவணியைத் திணித்துக்கொண்டாள்.

ஸ்கேலுக்காக எனக்கு ஒரு வார்னிங் கடிதம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். நான் கட்டிக்கொண்டது நிஜம்தானே. என்னை நாலாம் நம்பருக்கு மாற்றினார்கள். ஒன்பதாம் நம்பருக்கு முனிலட்சுமி. நம்மில் குட்டை அவள்தான், இத்தனை நாள் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு வேலை செய்தாள். "பழம் அங்கியே இருக்கட்டும், அப்பதான் உக்காருவேன்" என்று சொல்லிவிட்டாள். இருக்கிறது.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார், படுக்கச் சொன்னார். இங்கிலீஷில் ஏதோ எழுதினார். அதைப் படிக்கத் தெரியாமல் இரண்டு நாள் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். நேற்று லிஸ்ட் ஒட்டினார்கள். என் பெயர் இருக்கிறது.

உங்கள் பெயர் இல்லை அக்கா. என் பெயரைப் பார்த்த சந்தோஷம் அதோடு போய்விட்டது. மேனேஜர் அந்தச் சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது, "அந்தப் பொண்ண ஒரு அப்ளிகேஷன் எழுதச் சொல்லு, பாக்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றுதான் சொன்னார். அதற்கு மேல் நான் எதையும் கூட்டி எழுதவில்லை. சீட்டை அஞ்சலில் அனுப்பப் பயமாக இருக்கிறது, தொலைந்துவிட்டால்? பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இன்று காலையில் சின்னம்மா என்னைத் திட்டினார்கள். "சுண்ணாம்பு அடிச்சு ஆறு மாசம் ஆவல, செவுத்துல எண்ணெ! யாருடி இது?" என்று கத்தினார்கள். ஓடிப் போய்ப் பார்த்தேன். காலண்டர் ஆணிக்கு மேலே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு. நான் அவ்வளவு உயரத்தில் தேடவே இல்லை. தில்ஷாத் முக்காலி போட்டு ஏறி அதைத் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து நின்றால் நான் இவ்வளவா என்று இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. தெருவில் எப்படி இவ்வளவோடு நடப்பது? இருந்தாலும் ரேஷன் கடைச் சுவர்ப் பக்கமாகவே போய்ப் பார்த்தேன். கிழவி வரவில்லை. வேறு யாரோ வந்தாள். அவளை எனக்கு இன்னும் பழக்கமில்லை.

மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. சீட்டை வாங்கிக்கொள்ள வாருங்கள். அப்ளிகேஷனை நான் எழுதுகிறேன், நீங்கள் சொல்லுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் ஓசூர் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன். நிமிர்ந்து நிற்கப் பார்க்கிறேன், உங்களுக்குத் தூரத்திலேயே தெரியும்.

சின்னம்மா வீட்டு நிலைப்படி தாழ்வு. அங்கே மட்டும் குனிந்து வாருங்கள்.

சுக்ரா